சயாம் ரயிலும் நம் வகுப்பறையும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கும் நல்ல நாளில் துக்கமான கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் நாள் இது ஒன்றுதான். இருவரிடமும் சேர்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இட்லரின் நாஜி ஆட்சி ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களைக் கொன்றது. அவர்களில் பலரை ரயில் வண்டிகளில் அடைத்துத்தான் கொலை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். இன்று பல நாட்டுப் பள்ளிகளில் வரலாற்று ஆசிரியரோடு மொழி ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் சேர்ந்து அதைக் கற்பிக்கிறார்கள். ஒரே பாடத்துக்குள் அடங்கக்கூடிய துயரமா அது?

அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களும் சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டார்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே ஓர் இனத்தையே அழிப்பது நோக்கம். இங்கே வேலை வாங்குவது நோக்கம். ஆள் செத்தால் வேறு ஆள் கொண்டுவரலாம் என்ற எண்ணம். ஆனாலும் அவர்களைப் போல நாமும் நம் பிள்ளைகளுக்கு எல்லாப் பாடத்திலும் இதைச் சொல்லித்தர முடியும்.

வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மேல்நாட்டுக்கு ரப்பர் ஏற்றுமதி நின்றது; தோட்டத்தில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சாக்கை உடுத்திய காலம் அது. அப்போதுதான் சயாமில் கொஞ்ச நாள் வேலை, கூலி உண்டு, சாப்பாடு உண்டு என்று ஆள் எடுத்தார்கள். நம்பிப் போனவர்கள் உண்டு. பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் உண்டு.

வரைபடத்தைப் பார்ப்போம். நம் மலாக்கா நீரிணை வழியாகப் பர்மாவுக்குக் கப்பல் விடுவது ஜப்பானியருக்கு ஆபத்தாகிவிட்டது. அதனால் சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை, காட்டையும் மலையையும் வெட்டி, 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். தம்பினிலிருந்து மலாக்கா பட்டணம் வரை ஓடிய ரயில் பாதையையும் பெயர்த்து அங்கே கொண்டுபோனார்கள். அது திரும்பப் போடப்படவே இல்லை. மாணவர்களே, இன்றைக்கும் ரயில் ஏற நாம் ஏன் புலாவ் செபாங் போகிறோம் என்று யாராவது கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அறிவியல் பாடத்துக்கு வருவோம். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அந்த முகாம்களில் காலரா பரவியது. கொதிக்க வைத்த தண்ணீர் இருந்த இடத்தில் பலர் பிழைத்தார்கள். வைத்தியரும் இல்லாமல், கொதிநீரும் இல்லாமல் கிடந்த நம் ஆட்கள் ஆற்று நீரைக் குடித்துக் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். மலேரியாவும், சத்தில்லாத சோற்றால் வரும் பெரிபெரியும் மிச்சம் பேரைத் தின்றன. சுகாதாரப் பாடத்தை இதைவிட அழுத்தமாக யார் சொல்ல முடியும்?

இனி கணக்கு. அங்கே வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். இறந்தவர்கள் 12,000க்கும் மேல். ஐந்தில் ஒருவர். ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000 பேர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. இறந்தவர்கள் 90,000 என்று வைத்தால் இருவரில் ஒருவர். அதை 415ஆல் வகுத்துப் பாருங்கள், பிள்ளைகளே. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 217 உயிர்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைதிகளின் எண்ணிக்கை கிட்டத்தட்டச் சரியாகத் தெரிகிறது. நம்மவர் எண்ணிக்கை மட்டும் "இருக்கலாம்", "வைத்தால்" என்று இழுக்கிறது. ஏன்? அவர்களோடு அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். ஒளித்து வைத்தாவது பட்டியல் எழுதினார்கள். இன்று காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் 7,000 பேர் அளவில் வரிசையாக உறங்குகிறார்கள். கல்லில் பேர் இருக்கிறது, வயது இருக்கிறது. நம்மவரை ஒரே குழியில் போட்டு மூடினார்கள். தோட்டத்திலிருந்து அனுப்பும்போது தலை எண்ணினார்கள். புதைக்கும்போது பேர் எழுத ஒருவரும் இல்லை.

நன்னெறிப் பாடத்தில் இரண்டு கேள்வி கேட்கலாம். தோட்டத்துக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று மேலிடம் கேட்டபோது, ஆள் காட்ட வேண்டிய கங்காணியின் நிலையில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? அன்றைய படையின் கொடுமைக்காக இன்றைய ஜப்பானியப் பிள்ளையை வெறுக்கலாமா? இரண்டாவது கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும்: கூடாது. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல எளிதில் வாய் வராது. பிள்ளைகள் யோசிக்கட்டும்.

கடைசியாகத் தமிழ்ப் பாடம். ஆர். சண்முகம் "சயாம் மரண ரயில்" என்று நாவலே எழுதியிருக்கிறார். பெரிய வகுப்புக்குப் போனதும் படியுங்கள். அதற்கு முன் நீங்களே எழுத வேண்டிய ஒரு கட்டுரை இருக்கிறது.

ஜெருசலத்தில் யாட் வாஷெம் என்ற நினைவகம் 1953இல் அமைந்தது. இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். பேர், ஊர், தாய் தகப்பன் பேர். உற்றார் உறவினரைக் கேட்டுக் கேட்டு நிரப்பினார்கள். இதுவரை 48 லட்சத்துக்கும் மேற்பட்ட பேர்களைச் சேர்த்துவிட்டார்கள். எரித்துச் சாம்பலாக்கப்பட்டவர்களுக்கே பேரை மீட்க முடிந்திருக்கிறது என்றால், நம்மால் ஏன் முடியாது?

பெற்றோர்களே, சயாமிலிருந்து திரும்பி வந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் அரிது. கித்தாக்காடு செம்பனையாகி, செம்பனை வீடமைப்பாகிவிட்டது. தோட்டத்துச் சனம் ஜாசின், அலோர் காஜா என்று பிரிந்துவிட்டோம். ஆனால் "எங்க தாத்தாவோட அண்ணன் சயாமுக்குப் போனாரு, வரவே இல்ல" என்ற பேச்சு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதைச் சொல்லும் பாட்டி இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

மாணவர்களே, இந்த விடுமுறையில் ஆளுக்கு ஒரு தாள் எழுதி வாருங்கள். போனவர் பேர் என்ன? எந்தத் தோட்டம்? யார் பிள்ளை? திரும்பினாரா? முழுப் பேர் தெரியாவிட்டால் அழைத்த பேரை எழுதுங்கள். ஒரு வரி கிடைத்தாலும் போதும். அவற்றைச் சேர்த்துத் தைத்து நம் பள்ளி நூலகத்தில் வைப்போம்.

அன்று அவர்கள் பேரை எழுத ஆளில்லை. இன்று இந்தத் தோட்டப் பள்ளியில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கிறீர்கள். இந்தப் படிப்பால் அவர்களுக்கும் ஒரு பயன் கிடைக்கட்டும்.