கைநாட்டும் கைத்தொழிலும்

அரசாங்கக் கோப்புகளிலே அண்மைக் காலமாக அடிக்கடி தலைகாட்டும் சொல் ஒன்று உண்டு. புதிதாகத் தொழில் தொடங்குவோருக்குச் சில காலம் இடமும் முதலும் பயிற்சியும் அளித்து, அவர்கள் சொந்தக் காலில் நிற்கும்வரை பேணும் அமைப்புக்கு 'இன்குபேட்டர்' என்று பெயர். மொழிபெயர்ப்பாளராகிய நாம் அதனைத் 'தொழில் வளர்ப்பகம்' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் மூலச்சொல்லின் உள்ளே இருப்பவை முட்டையும் அதை அடைகாக்கும் கோழியுமே. கோழிதான் முட்டையின்மேல் சென்று அமர்கிறது. முட்டை கோழியைத் தேடிப் போவதில்லை. நம் நாட்டில் இத்தகைய வளர்ப்பகங்கள் பல, பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் ஒட்டி அமைந்துள்ளன. குடிசைப் பகுதியில் அடுப்பையும் குழந்தையையும் விட்டு நகர இயலாத பெண், அந்த வாயிலை எப்போது மிதிப்பாள்?

இச்சொல் கோப்புகளில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்பே இச்செயல் நடந்திருக்கிறது. 1959 மார்ச் 15 அன்று பம்பாயின் கிர்காம் பகுதியில், ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளம் இட்டனர். கையில் இருந்த முதல் 80 ரூபாய்; அதுவும் கடன். அன்று விற்பனைக்குத் தேறியவை நான்கு பொட்டலங்கள். அதுவே பின்னர் லிஜ்ஜத் அப்பளமாக நாடெங்கும் பரவி, 40,000-த்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தொழிலாயிற்று. இதன் நுட்பம் யாதெனின், மாவு பிசைவதும் தரம் பார்ப்பதும் விற்பதும் நிலையத்தின் பொறுப்பு. பலகையும் குழவியும் அவரவர் வீட்டில். காலையில் மாவை வாங்கிச் செல்பவள், இட்டு உலர்த்திய அப்பளத்தை மறுநாள் கொண்டுவந்து எடைபோட்டுக் கொடுத்துக் கூலி பெறுகிறாள். அவள் கூலியாள் மட்டும் அல்லள். இலாபத்திலும் நட்டத்திலும் பங்குடையவள். வீட்டைவிட்டு அவளைப் பெயர்க்காமல், வீட்டுக்குள் இருந்தபடியே சந்தையோடு இணைத்த ஏற்பாடு இது.

மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில், மழை பொய்க்கும் மாண் வட்டத்தில், மஸ்வட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே தெருவோரத்தில் இரும்பு வேலை செய்து வாழ்ந்த ஒருத்தி, மழைக்கு முன் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வாங்க வேண்டிச் சிறுகச் சிறுகச் சேமிக்க விரும்பினாள். தொகை மிகச் சிறிது என்று வங்கி கணக்குத் தொடங்க மறுத்தது. அவள் கேட்டது கடன் அன்று என்பதை நாம் மறக்கலாகாது. பெண்களுக்கென்றே ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கச் சேதனா சின்ஹா முயன்றபோது, விண்ணப்பித்த பெண்கள் கைநாட்டு வைத்தவர்கள் என்ற காரணத்தால் ரிசர்வ் வங்கி உரிமம் தர மறுத்தது. பெண்கள் சோர்ந்துவிடவில்லை, எழுதப் படிக்கக் கற்றனர். சில மாதங்களுக்குப்பின் மீண்டும் சென்று, எந்தத் தொகைக்கும் வட்டியை மனக்கணக்காகச் சொல்கிறோம், உங்கள் அதிகாரிகளும் கருவியின்றிச் சொல்லட்டும், யார் விரைவு என்று பார்க்கலாம் என்றார்களாம். 1997-இல் மாண் தேசி மகளிர் கூட்டுறவு வங்கி பிறந்தது.

பிறந்தபின்னும் இடர் தீரவில்லை. வேலையை விட்டு வங்கிக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே வங்கியே வாசலுக்குச் சென்றது. கணக்குப் புத்தகம் வீட்டில் இருந்தால் கணவன் கண்ணில் படும். எனவே அதனை வங்கியிலேயே வைத்துக்கொள்ளுமாறு பெண்கள் கேட்டனர். பிறகு அட்டை வந்தபோது இரகசிய எண் வேண்டா, விரல் ரேகையே போதும் என்றனர். எண்ணை மிரட்டிக் கேட்டுவிடலாம், கட்டைவிரலை எடுத்துச் செல்ல இயலாதன்றோ! முதலில் உரிமத்தைத் தடுத்த அதே கைநாட்டு, பின்னர் பணத்துக்குப் பூட்டாயிற்று. கற்பதற்கு ஊருக்கு வர இயலாதோரைத் தேடி, ஒரு பேருந்தே வணிகப் பள்ளியாகக் கிராமங்களுக்குச் சென்றது.

கடன் கொடுத்துவிட்டால் ஆதரவு முடிந்தது என்று எண்ணுவோர் ஆந்திரத்தை நினைக்க வேண்டும். அங்கே சிறுகடன் நிறுவனங்கள் போட்டியிட்டுப் பணத்தை நீட்டின. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் என்று ஒரே குடும்பம் பல இடங்களில் பட்டது. வசூலிக்க வந்தவர்களின் நெருக்குதலால் உயிரை மாய்த்துக்கொண்டோர் உண்டு. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. சரக்கை விற்க வழியும் கணக்கு எழுதப் பழக்கமும் இல்லாத கையில் பணம் மட்டும் சேர்ந்தால், அது முதல் ஆவதில்லை, சுமையாகிறது.

அரசாங்கத்தின் படிவங்களும் ஓரளவு இறங்கி வந்திருக்கின்றன. 2020 முதல் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. 2023 ஜனவரியில் தொடங்கிய உத்யம் உதவித் தளத்தின் வாயிலாக, சரக்கு சேவை வரி எண் இல்லாத மிகச் சிறு தொழில்களையும் வங்கிகள் போன்றவை பதிவுசெய்து தரலாம். அப்பளம் இடுபவளும், வாசலில் இட்டிலிக் கடை வைத்திருப்பவளும் இதற்கு உரியவர்களே. தொழில் நடக்கும் இடம் என்னும் கட்டத்தில் அவள் தன் வீட்டு முகவரியையே எழுதலாம்.