இரண்டு அங்கிகள்

இன்று திருவருகைக் காலம் 3ஆம் ஞாயிறு. 'நாங்கள் என்ன செய்ய வேண்டும்' என்று கேட்ட மக்களிடம் திருமுழுக்கு யோவான் முதலில் பேசியது அங்கியைப் பற்றித்தான்.

2020 ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழா. கோயிலும் பூட்டு, ஓசூர் துணிக்கடைகளும் பூட்டு. பாகலூரில் நாம் பழைய உடையிலேயே தொலைக்காட்சியில் திருப்பலி கண்டோம். ஆண்டவர் உயிர்க்காமலா போனார்? அதே வாரங்களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆர்டர்களை ரத்து செய்தன. வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் ஆர்டர்கள் நின்றன. பெங்களூரு கார்மெண்ட்ஸ்களிலும் தையல் பெண்கள் வேலையிழந்தார்கள்.

இப்போது கைப்பேசியிலேயே கிறிஸ்துமஸ் துணி எடுக்கிறோம். பிள்ளைகளுக்கு எடுக்க வழியில்லாத தையல்காரி வீடு நம் தெருவிலேயே இருக்கலாம். பீரோவில் கிடக்கும் பழையதை அல்ல, நமக்கென்று எடுத்த புதியதில் ஒன்றை அங்கே கொண்டுபோவோமா?