மூச்சுக்குத் தவித்த செல்வர் வீட்டுப் பிள்ளை

நள்ளிரவு. நியூயார்க் நகரம் உறங்குகிறது. கிழக்கு இருபதாம் தெருவிலே ஒரு வீட்டில் மட்டும் உறக்கமில்லை. மகனைத் தோளிலே சுமந்தபடி அறைக்கு அறை நடக்கிறார் தந்தை. பிள்ளைக்கு மூச்சு வரவில்லை! மார்பு விம்முகிறது, காற்று உள்ளே புக மறுக்கிறது. கடுங்காப்பி கொடுத்துப் பார்க்கிறார்கள். சுருட்டுப் புகையை இழுக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். ஆம், இழுப்பு நோய்க்குச் சுருட்டு! அந்நாளைய மருத்துவம் அவ்வளவுதான். ஒன்றும் பலிக்காத இரவுகளில் குதிரை வண்டியைப் பூட்டிப் பிள்ளையை ஏற்றித் தெருத்தெருவாக ஓட்டுவாராம் தந்தை, வீசுகின்ற காற்று அந்தச் சின்ன நெஞ்சுக்குள் சிறிதேனும் புகாதா என்ற ஏக்கத்தோடு!

அந்தப் பிள்ளைதான் தியோடர் ரூஸ்வெல்ட். 1858-இல் பிறந்தவர். 1901-இல், தமது 42-ஆம் வயதிலே, அமெரிக்கக் குடியரசுத் தலைவராக அமர்ந்தவர். அதைவிட இளம் வயதில் அந்த நாற்காலியில் எவரும் அமர்ந்ததில்லை.

எப்படி நிகழ்ந்தது இந்த மாற்றம்? மந்திரமா? மாயமா? இல்லை தோழர்களே, வியர்வை!

சிறுவனுக்குப் பன்னிரண்டு வயதளவில் தந்தை அழைத்துச் சொன்னார்: அறிவு உனக்கிருக்கிறது, உடல் இல்லை, உடலின்றி அறிவு செல்லவேண்டிய தூரம் செல்லாது, உன் உடலை நீயேதான் ஆக்கிக்கொள்ள வேண்டும் என்ற பொருள்பட. ஆக்கிக்கொள்கிறேன் என்று உறுதி கூறினான் மகன். தங்கை கொரீன் 1921-இல் எழுதிய நூலிலே இதனைக் காணலாம். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனான். பிறகு வீட்டு மாடியிலேயே கூடம் அமைந்தது. எடை தூக்கினான், கம்பியிலே தொங்கினான். நாளும் பொழுதும் அதே வேலை!

உடனே பயில்வானாகிவிட்டான் என்று எண்ணாதீர்கள். கதையிலேதான் அப்படி நடக்கும். 1872-இல் மெய்ன் மாநிலத்து ஏரிக்கரைக்குக் குதிரை வண்டியிலே தனியே பயணம் போகிறான். உடன் வந்த இரு சிறுவர்கள் வம்புக்கிழுக்கிறார்கள். திருப்பித் தாக்க முயல்கிறான். அவர்களில் ஒருவனே இவனை எளிதாக அடக்கிவிடுகிறான். ஓராண்டுக்கு மேற்பட்ட உழைப்பு! ஆயினும் தோல்வி! சோர்ந்தானா? தந்தையின் இசைவு பெற்று, முன்னாள் குத்துச்சண்டை வீரர் ஒருவரிடம் பாடம் கேட்கப் போனான்.

அதே காலத்தில் கண்ணும் மங்கல் என்பது தெரிந்தது. மூக்குக் கண்ணாடி வந்தது. அதன் வழியே உலகின் அழகு முழுவதும் புதிதாகப் புலப்பட்டது. பறவை தேடிக் காட்டுக்குள் அலைந்தான், படகு வலித்தான், மலையேறினான். நான்கு சுவரும் தராத மூச்சைத் திறந்த வெளி சிறிது சிறிதாகத் தந்தது.

1880-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக மருத்துவர் ஓர் இடியை இறக்கினார்: இதயம் பழுது, மாடிப்படிகூட வேகமாக ஏறாதே! அந்த அறிவுரைக்கு நேர்மாறாக வாழ்வேன் என்றார் இளைஞர். மறு ஆண்டே ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறி நின்றார்!

1884 பிப்ரவரி 14. ஒரே நாள், ஒரே வீடு. தாயும் மாண்டார், தலைப்பிரசவம் கண்டு இரண்டே நாளான மனைவியும் மாண்டார். உடலை வென்றவரின் உள்ளம் உடைந்தது. டகோட்டாவின் மாட்டுப் பண்ணைக்குப் போனார். குளிரிலும் புழுதியிலும் மந்தையோடு குதிரையேறித் திரிந்தார். கண்ணாடியைக் கண்டு 'நாலுகண்ணன்' என்று நகைத்தவர்களே பின்னர் அவரை மதித்தார்கள். புண்பட்ட நெஞ்சுக்கும் திறந்த வெளியே மருந்தாயிற்று.

இதுவரை சொன்னது வீரக் கதை. இதோடு நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால், உண்மை பாதியாகும்.

வண்டியும் குதிரையும் வீட்டிலே இருந்ததால்தான் நள்ளிரவிலே காற்று வாங்க முடிந்தது. பணமிருந்ததால்தான் மாடியிலே பயிற்சிக் கூடம் எழுந்தது. அதே நியூயார்க்கிலே, சன்னலில்லாத இருட்டறைகளிலே, ஏழைப் பிள்ளைகளும் மூச்சுக்குத் தவித்தனரே, அவர்களுக்கு மன உறுதி இல்லையா? இருந்தது, இல்லாதது காற்று! ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் 1890-இல் அந்தக் கொடுமையை நூலாக்கி ஊரறியச் செய்தார். 1895-இல் நகரக் காவல்துறைக் குழுவின் தலைவரான ரூஸ்வெல்ட், அதே ரீசுடன் இரவிலே அந்தத் தெருக்களைச் சுற்றிப் பார்த்தார்.

குடியரசுத் தலைவரானதும் ஏறத்தாழ 23 கோடி ஏக்கர் பொது நிலத்தைக் காடாகவும் பூங்காவாகவும் புகலிடமாகவும் காத்து வைத்தார். தமக்கு மூச்சளித்த திறந்த வெளியை நாட்டுக்கு உரிமையாக்கிய செயல் அது! பாராட்டுவோம். ஆனால், அந்த மண்ணிலே வாழ்ந்த தொல்குடிகளை அவர் இழிவாக எண்ணியதையும், விடுதலை கேட்டுப் போராடிய பிலிப்பைன்ஸ் மக்களை ஒடுக்கிய போரை அவர் ஆதரித்ததையும் மறைக்கமாட்டோம். வலிவை வணங்கத் தொடங்கியவர், மெலிந்தோர் உரிமையை மறந்தார். உடலை வளர்த்தால் போதாது. உள்ளமும் உடன் வளரவேண்டும்!

இன்னொன்றும் சொல்வேன். நோயுற்றவன் கோழையல்லன். இவருடைய தூரத்து உறவினர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1921-இல் கால்கள் செயலிழந்து, மீண்டும் துணையின்றி நடக்க இயலாதவராகியும், நான்கு முறை குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தியோடருக்கும் இழுப்பு அடியோடு அகலவில்லை. வளர்ந்த பிறகும் அவ்வப்போது வந்தது. நோயை விரட்டினார் என்பதைவிட, நோய்க்கு அடங்க மறுத்தார் என்பதே பொருத்தம். இன்று இழுப்புக்கு நல்ல மருந்துண்டு. மருத்துவரை விட்டுவிட்டு ஓட்டப் பந்தயத்துக்கு ஓடாதீர்கள்! மருந்தும் வேண்டும், பயிற்சியும் வேண்டும்.

தோழர்களே! விடியலில் எழுங்கள், நடங்கள், உடலைப் பேணுங்கள். ஊர்ப்பணி செய்யத் தெம்பு வேண்டும். அதோடு நில்லாதீர்கள். உங்கள் ஊரிலே பிள்ளைகள் ஓடியாட மைதானம் இருக்கிறதா? இருந்த மைதானம் எவர் கைக்குப் போயிற்று? பள்ளியிலே சன்னல் உண்டா? கேளுங்கள்! உரத்துக் கேளுங்கள்! ஒரு செல்வர் தம் மகனுக்கு வாங்கிக் கொடுத்த காற்றை, ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமையாக்குவதற்குப் பெயர்தான் அரசியல்!