களைக்கொத்துக்கு அளவு சொன்ன கைகள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



களைக்கொத்தைப் பற்றி உங்களிடம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். பத்து வயதிலேயே அதைக் கையில் பிடித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆனாலும் இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். காரணம், அந்த விஷயத்தில் தவறு செய்தவர்கள் நாங்கள்.

நம் குழு ஒன்றில் 18 உறுப்பினர்கள். எல்லோரும் நிலக்கடலைக் காட்டில் களை எடுப்பவர்கள். ஆளுக்கு ஒரு புதுக் களைக்கொத்து வாங்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். நாங்கள் உதவி செய்வதாக நினைத்து, டவுன் கடையில் ஒரே அளவில் 18 வாங்கி வந்து கொடுத்துவிட்டோம். கைதட்டினார்கள், போட்டோ எடுத்தோம்.

ஒரு மாதம் கழித்து அந்த ஊருக்குப் போனால், புதுக் களைக்கொத்து எல்லாம் மாட்டுக் கொட்டகை மூலையில் கிடக்கிறது. கையில் இருப்பதோ பழைய தேய்ந்த கொத்துதான். என்னக்கா என்று கேட்டோம். "தகடு மாதிரி இருக்கும்மா. காஞ்ச மண்ணுல போட்டா வாய் மடங்கிப் போகுது. நீங்க வாங்கிக் குடுத்தது, குறை சொல்லக் கூடாதேன்னுதான் சொல்லல" என்றார்கள்.

பணம் குழுவின் பொது நிதி. குறை சொல்ல அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்ல முடியாதபடி அவர்களை வைத்திருந்தது நாங்கள்தான்.

அடுத்த முறை குழுவே நேராகக் கொல்லர் பட்டறைக்குப் போனது. நாங்கள் பின்னால் போனோம். எத்தனை வேண்டும் என்று அவர் முதலில் கேட்கவில்லை. "எந்த மண்ணு? எந்தப் பயிரு? யாரு கைக்கு?" என்று கேட்டார். செம்மண், நிலக்கடலை, வரிசைக்கு வரிசை சுமார் 30 செ.மீ. இடைவெளி, செடிக்குச் செடி 10 செ.மீ. என்று சொன்னோம். "அப்படின்னா வாய் அகலம் மூணு விரக்கடை போதும். அதுக்கு மேல போனா செடி வெட்டுப்படும்" என்றார். பிறகு ஒவ்வொருவரும் உட்கார்ந்து களை எடுக்கிற மாதிரி காட்டினார்கள். வயதான ஒரு அம்மாவுக்குக் கை வலி, அவருக்கு எடை குறைவாக வேண்டும். ஒரு தங்கை இடது கைப் பழக்கம், அவருக்கு வாய் மறுபக்கம் சாய வேண்டும். இதெல்லாம் எங்கள் பட்டியலில் இல்லவே இல்லை.

அங்கே வேலை நடந்த விதத்தையும் சொல்கிறோம். இரும்பு, லாரியின் பழைய பட்டா. அதில் கரிச்சத்து அதிகம். சாதா இரும்பில் அது குறைவு என்பதால், எப்படித் தோய்ச்சல் கொடுத்தாலும் கெட்டிப்படாது. கடைக் கொத்து மடங்கியதற்குக் காரணம் அதுதான் என்றார். பட்டறைக்குள் ஏன் இவ்வளவு இருட்டு என்று கேட்டோம். இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் சூட்டைக் கணக்குப் பண்ணுவார்களாம், வெயிலில் நிறம் தெரியாதாம்.

உலையில் பழுத்த பட்டாவை உளி வைத்துத் துண்டு போட்டார்கள். கொல்லர் குறட்டில் பிடித்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி இடம் காட்டுவார். அதே இடத்தில் சம்மட்டி விழும். மறுபடி உலை, மறுபடி அடி. வாய் மெலிந்து, கழுத்து ஒடுங்கி, பிடிக்குள் போகிற வால் நீள்கிறது. பிறகு அரம் போட்டார்.

கடைசியில் தோய்ச்சல். மறுபடி பழுக்கவைத்து, வாயை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்தார். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் செங்கல் துண்டால் தேய்த்துவிட்டுக் காத்திருந்தார். பின்பக்கத்துச் சூடு மெல்ல வாய்க்கு இறங்க இறங்க, வைக்கோல் நிறம் வந்தது, பிறகு பழுப்பு, அப்புறம் ஊதா தொடங்கியது. உடனே முழுசாகத் தண்ணீரில் போட்டார். முழுக்க நீலம் ஆனால் வாய் மெத்தென்று ஆகிவிடுமாம். ஒரு கொத்து 'டிங்' என்று விரிசல் விட்டது. "இது உங்க கணக்குல வராது" என்று ஓரமாகப் போட்டுவிட்டு வேறு அடித்தார்.

இவ்வளவு நேரமும் சம்மட்டி அடித்தது யார் தெரியுமா? அவர் மனைவி. அந்த அக்காதான் காலையில் உலை மூட்டினார், அவர்தான் நாள் முழுக்கச் சம்மட்டி போட்டார்.

கொத்து ஒன்றுக்கு 300 ரூபாய் என்று பேச்சு. கணக்கு முடிக்கும்போது ஊக்குநர் கேட்டார்: "அண்ணே, பட்டா, கரி, பிடி, உங்க கூலி எல்லாம் இருக்கு. அக்கா சம்மட்டிக் கூலி எங்க?" அவர் சிரித்தார்: "வீட்டு ஆளுக்கு என்னம்மா கூலி?"

எங்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அமைதி. ஒரு உறுப்பினர் ஒளிக்காமல் சொன்னார்: "சேர்த்தா நமக்குத்தானே விலை ஏறும்?" உண்மைதான். கொத்துக்கு 50 ரூபாய் ஏறியது, மொத்தம் 900 ரூபாய். அங்கேயே உட்கார்ந்து பேசினார்கள். கை வலிக்காரர் அந்த வயதான அம்மா முடித்துவைத்தார்: "நம்ம காட்டுல நாம வேலை செஞ்சாலும் இதைத்தான் சொல்றாங்க. நாமளும் அதையே சொல்லணுமா?" 900 ரூபாயை அந்த அக்கா கையிலேயே கொடுத்தார்கள். ரசீதில் 'சம்மட்டிக் கூலி' என்று தனி வரி எழுதினார்கள். அவர் கைநாட்டு வைத்தார்.

ஒரு பருவம் முடிந்துவிட்டது. இன்றுவரை வாய் மடங்கவில்லை.

சகோதரிகளே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, குழுப் பணத்தில் எந்தக் கருவி செய்யக் கொடுத்தாலும், அதைப் பிடிக்கிற கை நேரில் போய் அளவு சொல்லட்டும். இரண்டு, சரியில்லை என்றால் முதல் வாரமே சொல்லுங்கள், வாங்கிக் கொடுத்தது நாங்களாகவே இருந்தாலும் சரி. மூன்று, கணக்கு எழுதும்போது யாருடைய உழைப்பு விட்டுப்போனது என்று ஒருமுறை பாருங்கள்.

அந்தச் சம்மட்டி அக்கா இன்னும் எந்தக் குழுவிலும் சேரவில்லை. கூட்டம் நடக்கிற நேரம் பட்டறை வேலை நேரமாம். கூட்டத்தை இரவு 7 மணிக்கு மாற்றலாமா என்று குழுவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முடிவு என்ன என்று அடுத்த மாதம் சொல்கிறோம்.