வரைபடமும் மலையும்



கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்டு கிடக்கும் கல்வராயன் மலையை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். அம்மலையைச் சன்னல் வழியே பார்த்தவாறு நான் பூகோளம் கற்பித்தேன். சம உயரக்கோடுகளைக் கரும்பலகையில் வரைந்தேனேயன்றி, ஒருநாளும் மாணவரை மலைக்கு அழைத்துச் சென்றதில்லை. அக்குறையை அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் எனக்கு உணர்த்தினார்.

அவர் தொலைத்தொடர்பு வலையமைப்பை வடிவமைக்கும் இளம் பொறியாளர். பணியில் சேர்ந்து ஈராண்டு நிறையவில்லை. "ஐயா, என் முதல் வரைபடமே பிழையாகிவிட்டது" என்று சொல்லி என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தார்.

கைப்பேசியின் குரல் கோபுரத்தோடு நின்றுவிடுவதில்லை. அதனை அடுத்த நிலையத்துக்குக் கண்ணாடியிழையோ நுண்ணலையோ கொண்டு செல்லவேண்டும். இழை பதிப்பதற்கு அரிய மலையில் நுண்ணலையே துணை. அவர் இரண்டு கோபுரங்களுக்கிடையே கோடு வரைந்தார். இடையிலிருந்த முகடு கோட்டிற்குக் கீழே இருந்தது. தடையில்லை என்று எழுதிவிட்டார்.

ஆனால், ஒன்றையொன்று காண்பது மட்டும் போதாது. அலை நூல்போலச் செல்வதன்று. நடுவில் பருத்த கதிர்போல் விரிந்து செல்வது. பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் பெயரால் இவ்வெளி வழங்குகிறது. 20 கிலோமீட்டர்த் தொலைவில், 7 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, நடுவிடத்தில் அதன் ஆரம் ஏறத்தாழ 15 மீட்டர். அதில் பத்தில் ஆறு பங்கேனும் தடையின்றி இருத்தல் வேண்டும். பூமியின் வளைவும் நடுவில் ஏறக்குறைய 6 மீட்டர் மேலெழும்.

இவற்றையெல்லாம் அவர் கணக்கிட்டிருந்தார். எனினும் மலையேறிப் பார்த்தபோது முகட்டின்மேல் கடுக்காய் மரங்கள் ஓங்கி நின்றன. வரைபடத்தில் நிலத்தின் உயரம் இருந்தது. மரத்தின் உயரம் இல்லை!

"மரங்களை வெட்டினால் ஆகாதா?" என்றேன்.

"அவை அவ்வூராரின் பிழைப்பு, ஐயா. அங்கே ஒரு பாட்டி என்னிடம், 'இது வந்தால் 108 வண்டியைக் கூப்பிட முடியுமா, தம்பி?' என்று கேட்டார். 'முடியும்' என்று வாக்களித்துவிட்டேன்" என்றார்.

108 அவசர ஊர்தி தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கியது. அழைப்பே எட்டாத ஊருக்கு அவ்வூர்தி எவ்வாறு வரும்? இத்தகைய 24,680 ஊர்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவை அளிக்க, 26,316 கோடி ரூபாயில் மத்திய அரசு 2022 ஜூலையில் திட்டம் வகுத்தது. திட்டத்தைத் தீட்டுவோர் பெரியோர். ஒவ்வொரு கோட்டையும் சரிபார்ப்பவரோ இத்தகைய இளைஞர்.

அவர் திரும்பிச் சென்று, தம் வரைபடம் தவறென்று மேலதிகாரிக்குத் தாமே எழுதினார். வேறொரு குன்றின் வழியே அலையைத் திருப்பும் புதிய வழியையும் இணைத்தார். செலவு கூடியது, நாளும் நீண்டது. மறைத்திருந்தால் எவரும் உடனே அறிந்திரார். ஆனால், ஆபத்து வேளையில் அந்தப் பாட்டியின் அழைப்பு முகட்டைக் கடவாது நின்றிருக்கும்.

மாணவர்களே, கணக்கை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். கற்றபின் மலையையும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். நான் உங்களுக்குச் செய்யத் தவறியதை நீங்களே செய்துகொள்ளுங்கள்.