பேரனுக்கு ஊசி, தாத்தாவுக்குப் பாதுகாப்பு

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1965-ல் சேர்ந்த ஆர்னால்ட் மான்டோ என்ற தொற்றுநோய் ஆய்வாளரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். டெகும்சே என்ற சிற்றூரில் வாரந்தோறும் வீடுகளுக்கு ஃபோன் செய்து, யாருக்கு ஜலதோஷம், யாருக்கு ஜுரம் என்று விசாரித்துக் குறித்துவைப்பதுதான் அவரது ஆராய்ச்சி. கேட்க அற்பமாக இருக்கும். சர்க்காரில் புள்ளிவிவரம் சேகரித்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும்.

1968-ல் ஹாங்காங் ஃப்ளூ வந்தது. ஃப்ளூ ஊசி என்றால் முதியவர்களுக்குத்தான் முன்னுரிமை என்பது அப்போதைய வழக்கம். மான்டோ குழுவினரோ, அவ்வூர்ப் பள்ளிக் குழந்தைகளில் சுமார் 85 சதவீதம் பேருக்குப் போட்டார்கள். பக்கத்து ஊரான ஏட்ரியனில் அப்படிப் போடவில்லை. ஃப்ளூ அடித்த வாரங்களில் சுவாச நோய் அங்கே சுமார் மூன்று மடங்கு! டெகும்சேயில் ஊசி போடாத பெரியவர்களிடமும் நோய் குறைந்திருந்தது. பள்ளியிலிருந்து கிருமியை வீட்டுக்குக் கொண்டுவருவது குழந்தைகள்தானே?

வயதான உடம்பில் இந்த ஊசி அவ்வளவாக எடுபடுவதில்லை. அதனால் நமக்கு மட்டும் போட்டுக்கொண்டால் போதாது. பேரக்குழந்தைகளோடு ஒரே ஃப்ளாட்டில் இருக்கும் மாமா, மாமிகள் குழந்தைகளின் டாக்டரிடமும் இதைக் கேளுங்கள். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால், போன வருஷம் போட்ட ஊசி இந்த வருஷத்துக்கு ஆகாது.