நீர் செல்லும் திசையும் அளவும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மேட்டு நீர் பள்ளத்திற்குப் பாயும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும் தடுப்பணையை எங்கே கட்டுவது, சிறுபாலத்தை எவ்வளவு அகலமாக வைப்பது என்ற பேச்சு எழுந்தால், ஒருவர் சொல்லும் இடத்தை மற்றவர் ஒப்புவதில்லை. இடம் தவறிய அணை வறண்டு கிடக்கும். குறுகிய பாலமோ மேற்புறத்து வயலை மூழ்கடிக்கும். செலவும் பயிரும் வீணாகும். இதைத் தவிர்க்க ஒரு நல்ல துணை இன்று நமக்குக் கிட்டியிருக்கிறது.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் எண்டெவர் விண்வெளி ஓடம், உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை ரேடார் கொண்டு அளந்தது. அந்த அளவுகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சதுரங்கப் பலகைபோல் நிலம் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ 30 மீட்டர் பக்கமுள்ள ஒவ்வொரு கட்டத்திற்கும் அதன் உயரம் குறிக்கப்பட்டுள்ளது. பைத்தான் என்னும் கணினி மொழியில் எழுதும் சிறு நிரல், ஒவ்வொரு கட்டத்தையும் சூழ்ந்துள்ள எட்டுக் கட்டங்களோடு ஒப்பிட்டு, மிகச் சரிவான பக்கத்தை நீர் செல்லும் திசையாகக் கொள்கிறது. பின்னர், ஓரிடத்திற்கு மேலிருந்து எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கிறது என்றும் எண்ணுகிறது. முன்னது திசை, பின்னது அளவு.

இவ்விரண்டையும் ஒரே படத்தில் காட்டுவதில் கவனம் வேண்டும். திசைகளுக்குக் கிழக்கு 1, தென்கிழக்கு 2, தெற்கு 4 என்று தொடங்கி, வடகிழக்கு 128 வரை எண் இடுவது வழக்கம். இவை வெறும் அடையாளங்களே. இவ்வெண்களின்படி வெளிறிய நிறம் முதல் அடர்ந்த நிறம் வரை தீட்டினால், பக்கத்துத் திசைகளான கிழக்கும் வடகிழக்கும் இரு கோடிகளாகத் தோன்றிப் பார்ப்பவரை மயக்கும். ஆதலால் திசையை அம்புக்குறியாலும், அளவை நிறத்தின் அடர்த்தியாலும் காட்டச் செய்வோம். கட்டந்தோறும் அம்பு இட்டால் படம் முட்புதர்போல் ஆகிவிடும். வரிசையில் பத்துக் கட்டத்திற்கு ஒன்று போதும்.

அளவைப் படிப்பது எளிது. ஒரு கட்டம் 900 சதுர மீட்டர். ஓரிடத்தில் 500 கட்டங்களின் நீர் சேருமாயின், அது 45 ஹெக்டேர். ஏறக்குறைய 111 ஏக்கர். அப்பரப்பில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 45 லட்சம் லிட்டர். மண் உறிஞ்சியது போக மிஞ்சுவது ஓடி வரும். பாலத்தின் அகலத்தைப் பொறியாளர் கணக்கிட இது முதற்படியாகும்.

எனினும் படமே முடிவன்று. வயல் வரப்பும், சிறு வாய்க்காலும், 2000-க்குப் பின் போட்ட சாலையும் அதில் தெரியா. அரை மீட்டர் வரப்பு நீரின் போக்கையே மாற்றிவிடும். உயர அளவிலுள்ள பிழையோ அதனினும் பெரிதாக இருக்கக்கூடும். ஆகவே படத்தைக் கிராம சபையில் விரித்து வைப்போம். மழை பெய்யும் நாளில் அதைக் கையில் கொண்டு ஓடை வழியே நடப்போம். அம்பு ஒரு பக்கமும் நீர் ஒரு பக்கமும் சென்றால் நீரையே நம்பிப் படத்தைத் திருத்துவோம். முதியோர் அறிந்த வரத்துக் கால்வாய்களையும் அதில் சேர்ப்போம்.

மேல்நிலத்தாரும் கீழ்நிலத்தாரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசி இடத்தை முடிவு செய்வார்களாயின், அணையில் நீரும் நிற்கும். ஊரில் ஒற்றுமையும் நிற்கும்.